பதிவும் திறவுகோலும்

எண்ணையும் எழுத்தையும் மனிதனின் இரு கண்களாகக் கூறுவது நம் முன்னோர் மரபு. கண்கள் இரண்டும் குறைவின்றி இருப்பினும், பூட்டிய பெட்டிக்குள் இருப்பதைக் காண அவை போதா, திறவுகோலும் வேண்டும். எழுதி வைத்த எதற்கும் இதுவே நியதி. எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் எழுதியது பயன் தரும். அம்முறை மறந்துபோனால் ஏடும் புத்தகமும் இருந்தும் இல்லாதவையே ஆகும்.

இன்று வங்கிக் கணக்கு, வைத்தியசாலைக் குறிப்பு, பரீட்சைப் பெறுபேறு, தோட்டத்துச் சம்பளப் பட்டியல் ஆகிய யாவும் கணினிக்குள் இரண்டே குறிகளால் எழுதிச் சேமிக்கப்படுகின்றன. இதனை இருமப் பதிவு என்பர். “அது பொறியியலாளரின் விஷயம், இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு அதனால் ஆவதென்ன?” என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். பதிவு இல்லாததாலும், இருந்த பதிவைச் சரிவரப் படிக்க முடியாததாலும் நம் மக்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமன்று. ஆதலின் இப்பொருளை நம் வரலாற்றோடு சேர்த்து நோக்குவது இளைஞர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஏடும் புள்ளியும்

பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடுவது வழக்கம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேற்றுமை காட்டுவதும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாய் இருந்தன. ஆகவே ஓலையில் ‘கல’ என்று கண்டால் அது ‘கல’வா, ‘கல்’லா என்பதும், ‘கெடு’ என்று கண்டால் அது ‘கெடு’வா, ‘கேடு’வா என்பதும் படிப்பவர் தாமே தெளிய வேண்டியவை. யாப்பும் இலக்கணமும் கற்றவர்க்கு அது எளிது. கல்லாதவர்க்கு ஓலை வெறும் கீறலே.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் (1832–1901), உ. வே. சாமிநாதையர் அவர்களும் (1855–1942) பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய காலத்தில் பட்ட பாட்டை நம்மவர் அறிவர். செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளைச் சேர்த்தது அவர்கள் பணியில் ஒரு பாதி. மறு பாதி, அவ்வேடுகளைப் படிக்கும் திறவுகோலைத் தம் புலமையால் மீட்டது. 1887ஆம் ஆண்டிலே ஐயர் அவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பும், பிள்ளையவர்களின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தன. திறவுகோல் மேலும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் எத்தனை நூல்கள் ஓலையாகவே மடிந்திருக்குமோ!

தகர வில்லையும் துண்டும் செக்ரோலும்

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்தபோது அவர்களைப் பற்றிய முதற் பதிவு எது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதிலே தோட்டத்தைக் குறிக்கும் குறியும் ஆளைக் குறிக்கும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. ஊரும் பேரும் உறவும் அதில் இல்லை. எந்த இலக்கம் எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் பதிவேடு அலுவலகத்தில் இருந்தது. வில்லை தொழிலாளியின் கழுத்தில், அதன் பொருள் வேறொருவர் கையில்.

‘துண்டு’ என்று வழங்கிய கடிதமும் அத்தகையதே. கங்காணிக்கும் ஆட்களுக்கும் உள்ள கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கலாம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்க, மற்றொரு துரை அதைப் படித்து, பணம் கொடுத்து ஆட்களை ஏற்றார். யாருடைய கடன் எழுதப்பட்டதோ, அவரால் அதைப் படிக்க இயலவில்லை. கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தாலும் கேட்க வழியில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டுமுறை ஒழிந்தது.

செக்ரோலோ நாள்தோறும் எழுதப்பட்ட பெரும் பதிவு. விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் நின்று கணக்கப்பிள்ளை ஆள் எண்ணுவார். மாலையிலே பேர் போடுவார். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், வராதவருக்கு ஒன்றுமில்லை. கொழுந்து நிறுத்த இறாத்தலும், இறப்பர்ப் பாலின் அளவும் பக்கத்திலே ஏறும். மாத முடிவில் கிளாக்கர் கூட்டிப் பார்த்து அடியிலே மொத்தம் எழுதுவார். புத்தகத்தின் தலைப்பில் எந்தக் கட்டத்தில் எது என்று எழுதியிருப்பதால் புதிதாக வந்த கிளாக்கரும் அதைப் படிக்கலாம். தலைப்புத் தாள் கிழிந்துபோன பழைய செக்ரோலில் ‘36’ என்று கண்டால், அது இறாத்தலா, கிலோவா, சதமா, ஆள் இலக்கமா என்று யார் சொல்வார்? தலைப்புத் தாளின் பெருமை அது கிழிந்த பின்னரே தெரியவரும்.

பெயர் மாறிய வரலாறு

இப்பதிவுகளின் பெறுமதி 1948ஆம் ஆண்டின் பின் நம் மக்களுக்கு நன்கு விளங்கிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இடைவிடாது இங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேரே. தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே மணந்து, தோட்டத்து மண்ணுக்கே உரமான மக்களுக்கு, ‘இடைவிடாது வாழ்ந்தேன்’ என்பதற்குத் தோட்டத்துப் பதிவுகளைத் தவிர வேறு சாட்சி அரிது. அப்பதிவுகள் பிறர் கையில், பிறர் எழுத்தில் இருந்தன.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பிரித்தது. அம்மிகுதியும் 1974ஆம் ஆண்டிலே இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. நாடற்ற நிலையில் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரசாவுரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமுதாயம் கடதாசியைத் தேடி அலைந்தது.

கடதாசி கிடைத்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. தமிழ் வாயிலிருந்து வந்த பெயரைத் தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கில எழுத்தில் எழுதினார்; பதிவுகாரர் சிங்களத்தில் எழுதினார்; பாடசாலையிலே ஆசிரியர் திரும்பத் தமிழில் எழுதினார். ஆங்கில எழுத்தில் லகர ளகர வேற்றுமை இல்லாததால் வள்ளியும் வல்லியும் ஒருத்தியே. சிங்கள நெடுங்கணக்கில் ழகரம் இல்லாததால் பழனி பளனியாகிறார், பலனியுமாகிறார். ஒரு முறை இழந்த எழுத்து மறு முறை எழுதும்போது தானாகத் திரும்பி வருவதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சென்ற முதியவர், நிதிப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஒரு பெயரும் இருக்கக் கண்டு, சத்தியக் கடதாசி முடிக்க நடையாய் நடப்பது நம் தோட்டங்களில் தெரியாத கதையா? உழைப்பு ஒருவருடையது, பணமும் அவருடையதே. எழுத்துப் பெயர்ந்த வழியில் விழுந்த ஒரு புள்ளியே நடுவில் நிற்கிறது.

இரண்டே குறிகள்

இவ்வளவும் கையெழுத்துக் காலத்துக் கதை. கணினி இக்குறைகளை எல்லாம் தீர்த்துவிடும் என்று எண்ணுவோர் உளர். கணினி எவ்வாறு எழுதுகிறது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

இரண்டு குறிகளைக் கொண்டு பலவற்றை எண்ணும் முறை நமக்குப் புதிதன்று. யாப்பிலக்கணம் கற்றவர் நேர், நிரை என்னும் இரண்டு அசைகளை அறிவர். ஓரசைச் சீர் 2, ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. இடம் ஒன்று கூடும்தோறும் தொகை இரட்டிக்கிறது. வடமொழியிலே பிங்கலரின் யாப்பு நூலும் லகு, குரு என்னும் இரண்டினால் இவ்வாறு கணக்கிட்டது. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் எல்லா எண்களையும் எழுதும் முறையை 1703ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பிலே ஹொலரித் என்பவர், அட்டையில் துளை உண்டா, இல்லையா என்று இயந்திரத்தைக் கொண்டு எண்ண வைத்தார். 1948ஆம் ஆண்டிலே குளோட் ஷனன் தம் புகழ்பெற்ற கட்டுரையில், அவ்வாறான ஓர் ‘உண்டு, இல்லை’க்குப் ‘பிட்’ என்ற பெயரைக் கையாண்டார். பிட்டுகள் எட்டுச் சேர்ந்தது ஒரு பைட். நாலசைக்கு 16 என்றால் எட்டு இடத்துக்கு 256. ஆகவே ஒரு பைட்டிலே 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம்.

கணினியிலே ஒரு நிரல் ஓடும்போது அதன் விபரங்கள் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அவை மறையும். கணக்கப்பிள்ளை மலையிலே மனத்தில் வைத்த கணக்கு, செக்ரோலில் ஏறும் வரை நிலையற்றது போன்றது அது. ஆகவே அவற்றை வட்டிலே எழுதிச் சேமிக்க வேண்டும். பின்னர் வேண்டும்போது எடுத்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். மனிதர் படிக்கும் எழுத்தாகவே எழுதி வைக்கலாம். அன்றேல், கணினி உள்ளே வைத்திருக்கும் வடிவிலேயே இருமப் பதிவாகவும் வைக்கலாம். 1234567 என்னும் எண்ணை எழுத்தாக எழுதினால் 7 பைட் வேண்டும். இருமத்தில் 4 பைட்டுக்குள் அடங்கும். இடமும் மிச்சம், எழுதவும் எடுக்கவும் விரைவு. இலட்சக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்தில் இது பெரிய இலாபம்.

அந்த இலாபத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு தோட்டத்துக் கணக்கை இவ்வாறு வைக்கிறோம் என்று கொள்வோம்: ஆள் இலக்கத்துக்கு 2 பைட், திகதிக்கு 1 பைட், கொழுந்து எத்தனை கிலோ என்பதற்கு 1 பைட். ஆள் இலக்கம் 147, திகதி 12, கொழுந்து 18 கிலோ என்றால், வட்டிலே எழுதப்படுவது 0, 147, 12, 18 என்னும் நான்கு பைட்டுகள். அவற்றின் நடுவே கோடு இல்லை, காற்புள்ளி இல்லை, தலைப்பு இல்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது எழுதிய நிரலுக்கு மட்டும் தெரியும்.

அன்றியும், இரண்டு பைட் எண்ணில் பெரிய பகுதியை முன்னே எழுதும் கணினிகள் உண்டு. சிறிய பகுதியை முன்னே எழுதும் கணினிகளும் உண்டு. முன்னதன் பதிவைப் பின்னது அப்படியே படித்தால், 147ஆம் ஆள் 37,632ஆம் ஆளாகி விடுவார்! எந்த முனையை முன்வைப்பது என்னும் இச்சண்டையை, முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று குள்ளர் நாட்டார் போரிட்ட கலிவரின் கதைக்கு 1980ஆம் ஆண்டிலே டேனி கோஹன் என்னும் அறிஞர் ஒப்பிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

ஆகையால் நல்ல நிரலாளர்கள் கோப்பின் தலையிலே சில அடையாளங்களை எழுதி வைப்பார்கள். இது இன்ன வகைக் கோப்பு என்பதற்கு ஓர் அடையாள எண்; எத்தனையாவது பதிப்பு முறை என்பதற்கு ஓர் எண்; பதிவுகள் எத்தனை என்பதற்கு ஒன்று; முடிவிலே எல்லாவற்றையும் கூட்டிய ஒரு சரிபார்ப்பு எண். ‘பி.என்.ஜி.’ என்னும் படக் கோப்புகள் அனைத்தும் 137, 80, 78, 71 என்னும் நான்கு பைட்டுகளுடனேயே தொடங்குவது இதனாலேதான். செக்ரோலின் தலைப்புத் தாளும் கிளாக்கர் அடியில் எழுதிய மொத்தமும் செய்த வேலை இதுவே.

ஓர் ‘அம்மா’வும் இரண்டு பதிவுகளும்

தமிழ் எழுத்தைக் கணினியில் வைத்த வரலாறும் நமக்குப் பாடமாகும். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுத்த ‘ஆஸ்கி’ என்னும் எழுத்துக் குறியீட்டிலே 128 இடங்கள். அவை ஆங்கிலத்துக்கே உரியவை. தமிழுக்கு இடம் வேண்டியவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துருக்கள் செய்தார்கள். இலங்கையிலே பெரிதும் வழங்கிய ‘பாமினி’ அத்தகையது. அதிலே ‘அம்மா’ என்று எழுதினால் கணினியில் பதிவது 109, 107, 59, 107, 104 என்னும் ஐந்து எண்கள். பாமினி எழுத்துரு உள்ள கணினியிலே அது அம்மா. அது இல்லாத கணினியிலே நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியும்! தாயின் பெயர் அங்கேயே இருக்கிறது; படிப்பதற்குத்தான் வழியில்லை.

இவ்வாறு எழுத்துருவுக்கு ஒரு முறையாகப் பல முறைகள் பெருகின. ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் குப்பையாயிற்று. 1991ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘யூனிகோட்’ உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கித் தமிழுக்கும் இடம் ஒதுக்கியது. எனினும் அது சாதாரணக் கணினிகளில் இயங்கப் பல ஆண்டுகள் சென்றன. இடையிலே உலகத் தமிழர் தமக்குள் கூடி ஆராய்ந்தனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. ‘திஸ்கி’, ‘தாம்’, ‘தாப்’ முதலிய பொதுக் குறியீடுகள் பிறந்தன. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களைக் கொண்டு கணினியில் ஏற்றியது. முதலில் திஸ்கியில் வைத்தவற்றைப் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றியது. முறை இன்னது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருந்ததால் மாற்றம் இயன்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசும் 2010ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றது.

யூனிகோடிலே ‘அம்மா’வுக்கு உரிய எண்கள் 2949, 2990, 3021, 2990, 3006. இவை தமிழுக்கே உரியவை. வேறெந்த எழுத்துக்கும் உரியவை அல்ல. யாழ்ப்பாணத்திலும் எட்டியாந்தோட்டையிலும் டொரொன்ரோவிலும் அம்மா அம்மாவே. லகரம், ளகரம், ழகரம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால், தமிழிலே பதிந்த வள்ளி இனி வல்லியாக மாட்டாள். பழனி பலனியாக மாட்டார். நம் மக்கள் ஒரு நூற்றாண்டாக இழந்த புள்ளியும் சுழியும் இதிலே காக்கப்படுகின்றன.

நாம் செய்யத்தக்கது

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் உடுத்த உடையுடன் ஓடின. வவுனியாப் பக்கம் சென்று குடியேறியவரும் உளர். லயத்து டிரங்குப் பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரம் யாருக்குக் காத்திருக்கும்? 2003ஆம் ஆண்டு மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியையும், 2016ஆம் ஆண்டு மே மாத மண்சரிவு கேகாலை மாவட்டத்தையும் அழித்தபோது, உயிர்களோடு எத்தனையோ வீடுகளின் கடதாசிகளும் மண்ணுக்குள் போயின. நெருப்பும் நீரும் மண்ணும் கடதாசிக்குப் பகை. ஆதலின் கணினியில் ஏற்றுவது அவசியமே. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் மலர்களையும் அவ்வாறு ஏற்றி எவரும் படிக்க வைத்து வருகிறது. அதிலே மலையக ஆவணங்களும் இடம் பெறுகின்றன. நம் தோட்டங்களின் பங்கு இன்னும் பெருக வேண்டும்.

இதற்கு நம் இளைஞர் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, தோட்டத்து முதியோரின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த லயம், வேலை செய்த பிரிவு ஆகியவற்றை அவர்கள் வாயால் கேட்டுத் தமிழிலே யூனிகோடில் எழுதுதல். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில, சிங்கள வடிவங்களையும் பக்கத்திலே உள்ளவாறே குறித்தல். அவ்வாறு செய்தால் மூன்றும் ஒருவரே என்று காட்ட ஒரு துணையாகும். இரண்டாவது, எந்த நிரலில் சேமித்தாலும், அதே விபரங்களை எவரும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒரு படி வைத்தல். மூன்றாவது, எந்தக் கட்டத்தில் எது, அளவு இறாத்தலா கிலோவா, யார் எப்போது எழுதியது என்னும் தலைப்புத் தாளை உடன் வைத்தல். நான்காவது, பழைய பாமினிக் கோப்புகள் நம் சங்கங்களின் பெட்டிகளில் கிடந்தால், இன்றே அவற்றை யூனிகோடுக்கு மாற்றுதல். மாற்றத் தெரிந்தவர் இருக்கும்போதே அது எளிது. ஐந்தாவது, படிகளை ஒரே வீட்டில் வையாமல், ஒன்று தோட்டத்திலும் ஒன்று பட்டணத்திலும் ஒன்று தூரத்திலும் வைத்தல்.

ஆறாவது ஒன்றும் உண்டு. பெரும்பாலும் மறக்கப்படுவது அதுவே. ஆண்டுக்கு ஒரு முறை, வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன், அக்கோப்புகளைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் அல்லாத வேறொரு இளைஞர் திறக்க வேண்டும். அவருக்குப் பத்துப் பெயர்கள் பிழையின்றி வந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். வராவிட்டால், முறையை அறிந்தவர் நம் நடுவில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம்.

தனிப்பட்டோரின் விபரங்களை அவர்தம் சம்மதத்துடனேயே எழுத வேண்டும் என்பதையும், அடையாள இலக்கம் முதலியவற்றை வெளியில் பரப்பலாகாது என்பதையும் சொல்லத் தேவையில்லை. துண்டு பிறர் கையில் இருந்த காலத்தை அனுபவித்த சமுதாயம், தன் மக்களின் விபரத்தைத் தானே அலட்சியமாகக் கையாளுதல் தகாது.

முதியோர்களே, உங்கள் நினைவே நம் முதற் பதிவு. இளைஞர் வந்து கேட்கும்போது மனமுவந்து சொல்லுங்கள். இளைஞர்களே, கணினிப் பயிற்சி நிலையங்களிலும் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலும் மற்றைக் கழகங்களிலும் நீங்கள் கற்கும் கல்வியின் ஒரு சிறு பகுதியை இத்தொண்டுக்கு ஒதுக்குங்கள். நம் பாட்டன் கழுத்தில் தொங்கிய தகர வில்லையை அவரால் படிக்க முடியவில்லை. நம் பேரர் தம் கையில் இருக்கும் பதிவைத் தாமே திறந்து, தம் குலத்தின் பெயர்களைத் தமிழிலே பிழையின்றிப் படிக்கட்டும். அதற்கான வேலையை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.